டாக்டரிடம் கேளுங்கள்: இறால் ஓட்டிலிருந்து எலும்பு வளருமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். போன வருஷம் நடந்த விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. பிளேட் வைத்த இடத்தில் சீழ் பிடித்ததால் பிளேட்டை எடுத்து, கெட்டுப்போன எலும்பையும் 4 சென்டிமீட்டர் வெட்டிவிட்டார்கள். இப்போது அங்கே மருந்து கலந்த சிமென்ட் இருக்கிறது. இறால் ஓட்டில் செய்த, கிருமியைக் கொல்லும் ஸ்பான்ஜ் வைத்தால் எலும்பு தானே வளரும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அதற்காகக் காத்திருக்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. ஆனால் உங்கள் மகள் சொன்னது பொய்யில்லை, அது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

நான் காசிமேட்டில் பிறந்தவன். இறால் உரிக்கும் பெண்களின் காலடியில் ஓடு மலையாகக் குவிவதைப் பார்த்து வளர்ந்தேன். அந்த ஓட்டிலிருந்து சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கினால் மிஞ்சுவது கைட்டின். அதைக் கடுங்காரத்தில் பக்குவப்படுத்தினால் கைட்டோசான். அதைப் புளிப்பான திரவத்தில் கரைத்து உறைய வைத்து, உள்ளே உண்டான பனியை வெற்றிடத்தில் ஆவியாக்குவார்கள். பனி இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். எலும்பு செல்களும் ரத்தக் குழாய்களும் உள்ளே நுழைய அந்தத் துளை 100 மைக்ரானாவது இருக்க வேண்டும். 300 இருந்தால் இன்னும் நல்லது, சுமார் நான்கு தலைமுடி கனம். வீடு கட்டச் சவுக்குக் கழியில் சாரம் கட்டுகிறோமே, அந்த வேலைதான் இதற்கும். எலும்பு வளர வளர இந்தச் சாரம் தானே கரைய வேண்டும்.

சிக்கல் கிருமியில்தான். துளைக்குள் எலும்பு குடியேறும் முன்பே கிருமி குடியேறிவிடலாம். எலும்பில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, பிளேட் போன்ற பொருளில் ஒட்டியதும் பசை மாதிரி ஒரு படலம் கட்டி அதற்குள் பதுங்கும். மாத்திரையும் ஊசியும் அங்கே சரியாக வேலை செய்வதில்லை. கைட்டோசானுக்கே கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. ஆனால் புளிப்பான இடத்தில்தான் அதற்கு வீரியம். புளிப்பில்லாத நம் ரத்தத்தில் அது குறைந்துவிடும். அதனால்தான் வெள்ளி, துத்தநாகம் அல்லது ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வெள்ளி கூடிப்போனால் எலும்பு செல்களும் சேர்ந்து சாகும். மருந்து முதல் இரண்டு நாளிலேயே வெளியேறிவிட்டால் அப்புறம் காவல் கிடையாது. தவிர, ஸ்பான்ஜ் மெத்தென்று இருக்கும், காலோ உடம்பின் பாரத்தையே தாங்க வேண்டியது. அதற்காக எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸி அபடைட்டைக் கலக்கிறார்கள். இத்தனையும் ஒரே பொருளில் கூடி வர வேண்டும். அதனால்தான் இந்த ஆராய்ச்சியை நான் அவ்வளவு ஆசையோடு பார்க்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கணவரின் கால். அந்தச் சிமென்ட் சும்மா இல்லை. மருந்தைக் கசியவிட்டு, 6 முதல் 8 வாரத்தில் தன்னைச் சுற்றி ஒரு சவ்வையும் வளர்க்கும். அந்தச் சவ்வைத் திறந்து சிமென்ட்டை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எடுத்த அவருடைய எலும்புத் துணுக்குகளை உள்ளே நிரப்புவார்கள். பிரான்ஸ் மருத்துவர் மாஸ்க்லே கொண்டுவந்த முறை இது. 4 சென்டிமீட்டர் இடைவெளியை இதில் நிரப்ப முடியும். சொந்த எலும்புக்கு ஈடாக வேறொன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை அளவைப் பாருங்கள். அவர் பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு கூடுவதை அது கெடுக்கும். எலும்பை வெட்டியபோது எடுத்த, கிருமி எது என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் வையுங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.