ஐந்து மணிச் சத்தம்

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு வருடமாக விடாமல் ஓடி வருகிறேன். முதல் முழு மாரத்தானுக்காக ஒரே மாதத்தில் வாரத்துக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 55-க்கு ஏற்றினேன். கீழ்க்காலில் ஒரே புள்ளியில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது எலும்பில் மயிரிழை விரிசல், என்றார்கள். எட்டு வாரம் ஓடக் கூடாதாம், சாதாரணமாக நடக்கலாம். இப்போது நான்காவது வாரம். என் கைக்கடிகாரம் தினமும் உடல்திறன் குறைகிறது என்று காட்டுகிறது. குழுவில் மற்றவர்கள் ஓடிய தூரத்தைப் போடும்போது எரிச்சல் வருகிறது. மனைவி ஆதரவாகத்தான் இருக்கிறார். பழக்க தோஷத்தில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சமையலறைப் பாத்திரச் சத்தம், அப்பாவின் இருமல், பிள்ளைகளைக் கிளப்பும் அமளி, இதற்கு நடுவில் படுத்துக் கிடப்பதே பெரிய தண்டனை. இரண்டாவது வாரம் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் 3 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன், வலி கூடிவிட்டது. அமெரிக்க ஓட்டக்காரர் ஜோன் பெனாய்ட் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து 17-ஆம் நாள் மாரத்தானில் ஜெயித்தாராம். அந்த உறுதி எனக்கு ஏன் வரவில்லை? அடுத்த வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். மனம் தளராமல் இருக்க வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் பென்சிலும் கையுமாக இரண்டு தடவை படித்தேன். கால், வலி, ஓட்டம் என்றே பெரும்பாலும் போகிறது. கடிகாரத்துக்கு ஒரு முழு வாக்கியம். மனைவிக்கு மூன்று சொல். அப்பாவுக்கு ஒரு இருமல்.

ஓட முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்கள் எனக்கு அடிக்கடி எழுதுவார்கள். முழங்கால், குதிகால், தொடையின் பின்தசை என்று உறுப்பு மாறும், புலம்பல் மாறாது. "நம்பிக்கையோடு இருங்கள், இதுவும் கடந்து போகும்" என்று எழுதி அனுப்பினால் சந்தோஷப்படுவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. மருத்துவர் சொன்னதைக் கேட்டால் அந்த விரிசல் பெரும்பாலும் ஆறிவிடும். எனக்கு உறுத்துவது அந்த ஐந்து மணி வாக்கியம். ஆனால் முதலில் உங்கள் காலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதற்கு நீங்கள் காது கொடுக்கப் போவதில்லை.

எலும்பு கட்டி முடித்துவிட்ட சுவர் கிடையாது. உள்ளே ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை அந்த இடத்தில் புதிதாகப் பூசிக்கொண்டே வரும். திடீரென்று அடி கூடினால் சுரண்டுகிறவர்கள் உடனே வேகமெடுப்பார்கள். பூசுகிறவர்கள் நிதானமாகத்தான் வருவார்கள். சுரண்டல் சில வாரத்தில் முடியும், பூசி இறுகுவதற்குச் சில மாதம் ஆகும். இந்த இடைவெளியில் நீங்கள் 30-ஐ 55 ஆக்கினீர்கள். அதுதான் விரிசல். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம், அதில் யார் மேலும் தப்பில்லை. தப்பு அந்த 3 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஈரம் காயாத பூச்சின் மேல் போய் மிதித்திருக்கிறீர்கள். மருத்துவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அந்தச் சேதி இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எட்டு வாரக் கணக்கை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். அதை முடிவு செய்ய அவருக்கு உண்மை தெரிய வேண்டும்.

அப்புறம் ஜோன் பெனாய்ட். 1984 ஏப்ரல் 25-இல் அவருக்கு அறுவைச் சிகிச்சை. மே 12-இல் அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் ஜெயித்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம் வாங்கினார். எல்லாம் நிஜம்தான். ஆனால் அவருக்கு முழங்கால் மூட்டில் சிறு துளை வழியாகச் செய்த சிகிச்சை. எலும்பில் விரிசல் கிடையாது. யாருக்கோ வேறு நோய்க்குக் கொடுத்த மருந்துச் சீட்டை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பொருந்துகிறவர் பிரிட்டன் ஓட்டக்காரர் பாலா ராட்கிளிஃப். பெண்கள் மாரத்தான் உலக சாதனை அப்போது அவர் பெயரில்தான் இருந்தது, 2:15:25. 2008 மே மாதத்தில் அவருக்குத் தொடை எலும்பில் இதே மாதிரி அழுத்த விரிசல் வந்தது. போதுமான பயிற்சி இல்லாமலேயே ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறங்கினார். வந்த இடம் 23. அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கில் ஓடி முதலிடம் வந்தார். அதே பெண், அதே உறுதி. மே மாதத்து எலும்புக்கு நவம்பர் வரை அவகாசம் கிடைத்திருந்தது.

கடிகாரம் காட்டும் எண்ணுக்கும் ஒரு வார்த்தை. நன்றாகப் பயிற்சி எடுத்த ஏழு பேரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வு 1984-இல் வந்தது. அவர்களின் உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதம் குறைந்து, அதோடு நின்றுவிட்டது. பயிற்சியே இல்லாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. மருத்துவர் சரி என்றால் இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஆழத் தண்ணீரில் ஓடலாம். பாதம் தரையில் படாது, மூச்சு மட்டும் வாங்கும். சைக்கிளும் கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தை எட்டு வாரத்துக்குக் கழற்றி இழுப்பறையில் போடுங்கள். விரிசல் ஆறுவதைக் காட்டும் கடிகாரம் இன்னும் வரவில்லை.

சரி, கால் கதை முடிந்தது. ஐந்து மணிக்கு வருவோம்.

பாத்திரச் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக உருளுகிற பாத்திரம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? ஆறு வருடமாக நீங்கள் ஐந்து மணிக்கு ஷூ லேஸ் கட்டி வெளியே போய், ஏழு மணிக்கு வேர்த்து வந்து குளியலறைக்குள் நுழைந்திருப்பீர்கள். நடுவில் அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது கால் உடைந்துதான் தெரிகிறது. தெரிந்ததும் உங்களுக்குத் தோன்றிய சொல் 'தண்டனை'.

அந்தச் சத்தம் நான்கு வாரமாக வரும் சத்தம் இல்லை, ஆறு வருடமாக வரும் சத்தம். அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒருத்தி அடுப்படியில் நின்று உங்களுக்குக் கொடுத்தது. 'மனைவி ஆதரவாகத்தான் இருக்கிறார்' என்று எழுதும்போது அந்தத் 'தான்' எதற்கு? அதில் ஏதோ குறை ஒட்டிக்கொண்டிருக்கிறதே. இன்னும் கொஞ்சம் உச்சுக் கொட்டியிருக்க வேண்டும் என்கிறீர்களா?

யாருக்கும் தெரியாமல் ஓடினேன் என்கிறீர்கள். எப்படித் தெரியாமல் போனது? நானே சொல்கிறேன். இந்தப் பாத்திரச் சத்தத்திலும் அமளியிலும் கதவு திறந்த சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது. படுத்தால் தண்டனை, நழுவும்போது வசதி.

இங்கே என் கதை கொஞ்சம். சில வருடம் முன்னால் எனக்கு மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கணவர் துண்டு மடிக்கிற அழகைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் அவர் துணிக் குவியல் முன்னால் உட்கார்ந்து, "இந்த வீட்டில் தினம் இத்தனை துண்டா?" என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். முப்பது வருடம் அவர் முகம் துடைத்த துண்டுகள்தான். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. கட்டு பிரித்த பிறகும் துண்டு மடிப்பது அவர் வேலைதான். இன்னும் கோணலாகத்தான் மடிக்கிறார்.

நாளை ஐந்து மணிக்கு விழிப்பு வந்ததும் எழுந்திருங்கள். சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். காய் நறுக்க, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலை நிரப்ப, காணாமல் போன ஒற்றைக் காலுறையைத் தேட, பின்னல் போட, இதற்கெல்லாம் கீழ்க்கால் எலும்பு வேண்டாம். முதல் நாள் இடைஞ்சலாக இருப்பீர்கள். "நீங்கள் போய்ப் படுங்கள்" என்பார். போகாதீர்கள். தயவுசெய்து 'உதவி பண்ணட்டுமா' என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி அது. எந்த வேலை உங்களுடையது என்று கேட்டு, அதை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் ஓடத் தொடங்கும் நாள் வரும். முதலில் அரை மணி நேரம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று ஆரம்பிப்பார்கள். மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். அந்த அட்டவணையை எழுதும்போது மனைவியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாரத்தில் எந்த இரண்டு நாள் ஐந்திலிருந்து ஏழு வரை அவருடையது என்று அவரே குறிக்கட்டும். அந்த நேரத்தில் அவர் ஓடலாம், தூங்கலாம், சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். என்ன செய்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமையில்லை. உங்களை அவர் கேட்டதில்லையே.

குழுவில் மற்றவர்கள் போடும் தூரம் உறுத்துகிறது என்றால் எட்டு வாரத்துக்குப் பார்க்காதீர்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, நான் எழுதத் துடித்துக்கொண்டிருந்த விஷயம். அந்த இருமல்.

எத்தனை நாளாக இருமுகிறார்? நீங்கள் வீட்டில் படுத்து நான்கு வாரம் ஆகிறது. நான்கு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தால், அது மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டிய இருமல். இரண்டு வாரம் தாண்டிய இருமலை, அதுவும் வயதானவரின் இருமலை, யாரும் சும்மா விடக் கூடாது. சளியா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, ராத்திரி படுத்தால் கூடுகிறதா? உங்களுக்குப் பதில் தெரியாது. உங்கள் எலும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே போதாமல் எம்.ஆர்.ஐ. வரை போனீர்கள். பக்கத்து அறையில் பெற்றவர் இருமுவதைப் பாத்திரச் சத்தத்தோடு சேர்த்து ஒரே வரியில் கமா போட்டு எழுதிவிட்டீர்கள்.

நான் பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அப்பா இருமி மகனுக்கு விழிப்பு வந்தால் மகன் எழுந்து போய் ஒரு தம்ளர் வெந்நீர் கொடுத்து, முதுகில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. அவராக உங்களிடம் சொல்ல மாட்டார். மகனே கால் உடைந்து கிடக்கிறான், நம் இருமலை எதற்குச் சொல்வது என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இருமுவார்.

வியாழக்கிழமை மருத்துவரிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எலும்பு மருத்துவர் இருமலைப் பார்க்க மாட்டார் என்றால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அன்றைக்கே அங்கே போய்விடுங்கள். அந்த 3 கிலோமீட்டர் விஷயத்தை அப்பா முன்னாலேயே எலும்பு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்பா திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் இருமலுக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கால் கதை அடுத்த கடிதத்தில் வரட்டும்.