மைதாவுக்குப் பதில் கடலை மாவில் கேக் செய்தால் சரியாக வருமா?

மகளுக்குக் கோதுமை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கடலை மாவில் கேக் செய்தால் பருப்பு வாடை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், வாடையையும் போக்கிவிடலாம். என் மகனுக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய், என்று தெரிந்ததிலிருந்து நான்கு வருஷமாக நான் இப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் மைதாவின் அளவுக்கு அப்படியே கடலை மாவைப் போட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். இருபது நிமிஷத்தில் மேலே கருகத் தொடங்கிவிட்டது. குச்சியை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈர மாவு. ஆறிய பிறகு வெட்டினால் கத்தி பட்ட இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்தான் பையன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடலை மாவில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, மைதாவைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அந்தப் புரதத்துக்கு இழுவை கிடையாது. மைதாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டன் வலை மாதிரிப் பின்னிக்கொண்டு காற்றைப் பிடித்து வைக்கும். அந்த வேலைக்கு இங்கே வேறு ஆள் வேண்டும். 100 கிராம் மாவுக்கு 30 கிராம் கடலை மாவு, 45 கிராம் அரிசி மாவு, 25 கிராம் சோள ஸ்டார்ச் என்று கலக்கிறேன். ஒரு கப் கலவைக்குக் கால் டீஸ்பூன் சாந்தன் கம், அதாவது மாவைப் பிணைத்துப் பிடிக்கும் பசைப் பொடி. மேலே சீக்கிரம் சிவப்பதற்கும் இந்தப் புரதம்தான் காரணம் என்பதால், 180 டிகிரி என்று குறிப்பில் இருந்தால் நான் 165-இல் வைத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் விடுகிறேன்.

இனி வாடை. கடலை மாவை அடிகனமான வாணலியில் சிறு தீயில், எண்ணெய் இல்லாமல், கைவிடாமல் வறுங்கள். முதலில் பச்சை வாசனை தூக்கலாக வரும், பயந்துவிடாதீர்கள். ஐந்தாறு நிமிஷத்தில் அது அடங்கி வறுத்த கடலையின் மணம் எழும். நிறம் மாறுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். நன்றாக ஆறவைத்து, சலித்த பிறகுதான் சேர்க்க வேண்டும். கரைத்த மாவை அரை மணி நேரம் ஊறவிட்டால் நறநறப்பும் போய்விடும். இத்தனைக்கும் பிறகு கொஞ்சம் வாடை மிஞ்சினாலும் கோகோவோ பழுத்த வாழைப்பழமோ அதை மறைத்துவிடும். வெறும் வெனிலா கேக்கை முதலிலேயே முயல வேண்டாம். பிஸ்கட்டில் ஆரம்பியுங்கள், அது உப்பி எழ வேண்டியதில்லை. ரொட்டிதான் கடினம், எனக்கே இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

லூபின் என்ற பயறு வகையின் மாவில் புரதம் இன்னும் அதிகம். ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதனால் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை மாவு அரைபடும் இடம்தான். கோதுமை ஓடிய இயந்திரத்திலேயே கடலையை அரைத்தால் அதில் கோதுமையும் கலந்துவிடும். குளூட்டன் இல்லாதது என்று சொல்ல ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை கோதுமை மாவே அந்த அளவைத் தாண்டிவிடும். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கடலைப் பருப்பைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துவிடுங்கள். சல்லடையும் அவளுக்கென்று தனியாக ஒன்று இருக்கட்டும்.