பல்ப் மாற்றியும் பின் லைற் மங்குகிறதா?

கேள்வி: என் பழைய காரில் வலப்பக்கப் பின் லைற் மங்கலாக எரிகிறது, பிரேக்கை மிதித்தால் அணைந்தே போகிறது. புது பல்ப் போட்டும் சரிவரவில்லை. வீட்டிலேயே திருத்தலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: தாராளமாகத் திருத்தலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் எர்த் பிழைதான், அதாவது கரண்ட் காரின் இரும்பு உடலுக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு. அந்த 21/5 வாட் பல்பில் இரண்டு இழைகள் (பிரேக்குக்கு 21, பின் லைற்றுக்கு 5), இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், அது சரியாகப் பிடிக்காவிட்டால் கரண்ட் மற்ற இழைக்குள்ளால் திரும்ப வழி தேடும். லைற்றைப் போட்டுவிட்டு, ஹோல்டரின் எர்த் முனையிலிருந்து காரின் வெறும் இரும்புக்கு ஒரு வயரைத் தொடுத்துப் பாருங்கள்; பளிச்சென்று எரிந்தால் சந்தேகமே இல்லை.

அப்புறம் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஹோல்டரை வெளியே எடுங்கள். மழை ஈரமும் நம்முடைய செம்மண் தூசும் புகுந்து உள்ளே பச்சை பூத்திருக்கும். மெல்லிய சாண்ட் பேப்பரால் பித்தளை மினுங்கும்வரை தேயுங்கள். எர்த் வயரைப் பூட்டிய ஸ்குரூவின் அடியிலும் துருவைச் சுரண்டி இறுக்குங்கள், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஏ9 வீதியில் இரவில் பின்னால் வரும் லொறிக்காரருக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம்தான் அடையாளம், அதனால் திருத்தும்வரை இருட்டில் காரை எடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.