பெயிண்ட் வாளித் தக்காளி கருகுதா? டானிக் வேண்டாம், உப்பக் கழுவுங்க

வில்லாபுரத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளியில வெறும் கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) போட்டு தக்காளி வச்சேன், இலை நுனி கருகுது, மேல வெள்ளையா பூத்திருக்கு, ஆர்.ஓ. மிஷின் வேஸ்ட் தண்ணியத்தான் ஊத்துறேன், நர்சரிக்காரர் சத்துக் குறைவுன்னு டானிக் குடுத்தாரு, அடிக்கலாமா?

அடிக்காதீங்கக்கா. அந்த வெள்ளை, உப்பு. கோகோபீட் கட்டி நிறைய சரியாக் கழுவாமத்தான் வருது, தேங்கா நார்ல இருக்கிற உப்பு அப்படியே இருக்கும், விக்கிறவன் அதச் சொல்லவே மாட்டான், செடி காஞ்சா அடுத்து டானிக்க விக்கலாம்ல.

அதுக்கு மேல ஆர்.ஓ. தண்ணி வேற. மிஷின் நம்ம போர் தண்ணியில இருக்கிற உப்பப் பிரிச்சு அந்தக் குழாய் வழியாத்தான் வெளிய தள்ளுது, அதப் போயி வாளிக்குள்ள ஊத்துனா என்னாகும். தென்னைக்கு ஊத்தலாமான்னு உடனே கேப்பீங்க. ஊத்தலாம், தென்னை உப்புத் தாங்கும், ஆனா தரையில நிக்கிற பெரிய தென்னைக்கு, அதுவும் தினமும் ஒரே பக்கமா ஊத்தக் கூடாது, மழை பேஞ்சு அடிச்சுட்டுப் போற எடமா இருக்கணும். தொட்டியில வச்ச தென்னங்கன்னு இதுல சேராது. வாழை மரமா? வாழை தாங்காது, விட்ருங்க. மிச்சத்துக்குப் பாத்ரூம் கழுவுங்க.

இப்ப செய்ய வேண்டியது. வாளியத் தூக்கிப் பாருங்க, ஓட்டை அடியில மட்டும் இருந்தா தளத்தோட ஒட்டி அடைச்சுக்கும், கம்பியப் பழுக்கக் காச்சி பக்கவாட்டுலயும் ஒரு இஞ்ச் உயரத்துல நாலு ஓட்டை போட்டு செங்கல் மேல வைங்க. அப்புறம் நல்ல தண்ணிய மெதுவா ஊத்துங்க, முதல்ல டிகாஷன் கலர்ல இறங்கும், வெளுக்குற வரைக்கும் விடாதீங்க. கார்ப்பரேஷன் தண்ணி எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாது, அதனால ஏசியில இருந்து சொட்டுற தண்ணியப் பிடிச்சு வைங்க, அதுல உப்பே கிடையாது, காசும் கிடையாது.

ஒரு வாரம் கழிச்சு ரெண்டு கை மண்புழு உரம். அடுத்த தடவை செம்மண் ரெண்டு பங்கு, கழுவுன கோகோபீட் ஒண்ணு, மக்குன சாணி ஒண்ணு. அரசாங்கத்தோட மாடித்தோட்ட மானியக் கிட்டுக்கு ஆன்லைன்ல பதிஞ்சுட்டு உக்காந்திருக்காதீங்க, ஆடிப்பட்டத்துக்குக் கேட்டா ஆவணியில வரும்.

வாளி எமல்ஷன் பெயிண்டோடதா இருந்தா தேச்சுக் கழுவிட்டு வைக்கலாம். எனாமல், தின்னர் டப்பா வேண்டாம். பழைய சாமான் கடையில நீல டிரம்மப் பாதியா அறுத்து விப்பாங்க, உள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா எல்லாருமே ஷாம்பூம்பாங்க, ஆசிட்டா பூச்சி மருந்தான்னு நமக்கு என்ன தெரியும், வாங்கவே வாங்காதீங்க.

கருகுன இலை திரும்பப் பச்சையாகாது, புதுத் துளிரு நல்லா வருதான்னு பாருங்க. டானிக் பாட்டில் சீல் உடைக்கலைன்னா திருப்பிக் குடுத்துட்டுக் காசக் கேளுங்க.