மலிவு நிலமும் கிணற்று அனுமதியும்

கேள்வி: அமெரிக்காவின் டென்வர் நகரில் வசிக்கும் என் மகன், அதே கொலராடோ மாநிலத்தின் தெற்கு எல்லையிலுள்ள கோஸ்டீயா கவுண்டியில் ஐந்து ஏக்கர் மனை மலிவாகக் கிடைப்பதாகவும், பேரிடர்க் காலத்தில் யாரையும் எதிர்பாராமல் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்துவிடலாம் என்றும் சொல்கிறான். அந்த இடம் அதற்கு ஏற்றதா என்று எப்படிக் கணிப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: விலையை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது கொலராடோவின் நீர்ச் சட்டம் என்பதால், நிலத்துக்குப் பட்டா இருந்தாலும் அதன் மேல் ஓடும் நீரும் அடியில் ஊறும் நீரும் தானாக உங்கள் மகனுக்கு உரிமையாகிவிடா. 35 ஏக்கருக்குக் குறைந்த மனைகளில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பொதுவாகக் கிடைப்பது வீட்டுக்குள் புழங்குவதற்கான அனுமதி மட்டுமே. அந்தத் தண்ணீரைக் கொல்லையில் ஒரு கத்தரிச் செடிக்குக்கூட ஊற்றக் கூடாது. கூரையில் விழும் மழைநீரைப் பிடிக்கலாமே என்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய்கள், மொத்தம் 110 கேலன் (ஏறத்தாழ 416 லிட்டர்) என்று வரம்பு கட்டியிருக்கிறது. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இது விந்தைதான். ஆகவே கிணறில்லாத மனைக்காரர்கள் பலர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் நிரப்புகிறார்கள். பனியில் சாலை அடைபட்டால் அந்த வழியும் அடைபடும்.

அங்கே தற்சார்பாக வாழ முடியாது என்பதல்ல. 1851இல் அமைந்த சான் லூயிஸ் என்ற சிற்றூரின் மக்கள் 1852இல் வெட்டிய பொது வாய்க்காலுக்குரிய நீருரிமை அம்மாநிலத்திலேயே மிகப் பழமையானது. அந்தப் பாசனத்தில் விளையும் மக்காச்சோளத்தை மண் அடுப்பில் இரவு முழுவதும் வேகவைத்து உலர்த்தி, ‘சிக்கோஸ்’ என்ற பெயரில் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். ஆனால் அது ஊராகக் கூடி வாய்க்கால் தூர்வாரி வாழும் வாழ்க்கை. ஒதுக்குப்புறத்தில் தனி மனை வாங்குபவருக்கு அதில் பங்கு கிடைப்பதில்லை.

வெயிலுக்குக் குறைவில்லை, சூரிய மின்தகடு நன்றாகவே உழைக்கும். குளிர்தான் கடுமை: ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், உறைபனி இல்லாத காலம் மூன்று மாதம் அளவே.

ஆபத்துக் காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 2018இல் இதே கவுண்டியில் பற்றிய காட்டுத்தீ அண்டை கவுண்டிக்கும் பரவி ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தபோது, கிழக்கே செல்லும் முக்கிய நெடுஞ்சாலையும் மூடப்பட்டது. பெரிய மருத்துவமனை சான் லூயிஸிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அலமோசாவில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி கவுண்டி முழுவதும் ஏறத்தாழ 3,500 பேரே உள்ளதால், அவசரத்தில் ஓடிவரும் கைகளும் குறைவு.

மகன் ஜூன் மாதத்தில் பார்த்துவிட்டு மயங்காமல் ஜனவரியில் ஒருமுறை அங்கே தங்கட்டும். முன்பணம் கொடுக்குமுன் அந்த மனைக்குக் கிணற்று அனுமதி உண்டா, எந்த வகை என்று மாநில நீர்வளத் துறையிலும், கழிவுநீர்த் தொட்டிக்கும் குடியிருப்புக்கும் உள்ள விதிகளைக் கவுண்டி அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.