வாசகர் கேள்வி: வன்னி அரசின் பிரபுக்கள் யார்?

கேள்வி: 1803 ஆகஸ்ட் 25 இல் வட இலங்கையின் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதோடு ஆங்கிலேயர் வன்னியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு ஒரு தொடர்கதை எழுதிவருகிறேன், ஐயா. கதையில் வன்னி தனியரசாகி இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. அரசனைச் சுற்றி ஒரு பிரபுகுலம் வேண்டும். டியூக், பாரன் என்று ஐரோப்பிய வரிசையில் பட்டங்களைக் கொடுத்துப் பார்த்தேன். முல்லைத்தீவில் நடக்கும் கதை இலண்டனில் நடப்பதுபோல் ஆகிவிட்டது. நம் மண்ணிலிருந்தே ஒரு பிரபுகுலத்தைக் கற்பனை செய்வது எப்படி?
(ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பட்டப் பெயர்களை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். வன்னியில் ஒரு குடும்பத்தை ஊர் எதற்காகத் தலைமைக் குடும்பமாக ஏற்றுக்கொள்ளும் என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். மாரி மழையை அணைகட்டித் தேக்கினாலன்றி நெல் விளையாத நிலம் இது. எனவே குளக்கட்டைக் காப்பவரும், துருசு (மதகு) எப்போது திறக்கப்படும் என்று சொல்பவரும், நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) எவ்வளவு வயல் விதைக்கலாம் என்று பங்கிட்டுக் கொடுப்பவருமே இங்கு இயல்பான பிரபுக்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாளேந்திய வீரனிலிருந்து தொடங்கும் ஐரோப்பியப் பிரபுத்துவத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் பற்றிக்கொண்டால் கதையின் பாதி தானாகவே எழுந்துவிடும்.

நீங்கள் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை என்பதையும் மறவாதீர்கள். பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவாடி ஆகிய வன்னிமைகள் (வன்னியர் ஆண்ட சிறு ஆட்சிப்பிரிவுகள்) யாழ்ப்பாண அரசர்களுக்கும், 1619 இன் பின் போர்த்துக்கேயருக்கும், 1658 இன் பின் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தும், கொடுக்க மறுத்தும், காலம் தாழ்த்தியும் தம் தனித்தன்மையைக் காத்துவந்தன. 1780களில் ஒல்லாந்தர் வன்னியைத் தம் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். ஆகவே உங்கள் அரசு பிறக்கும் 1803 இல், அதிகாரம் பறிபோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே ஆன பழைய குடும்பங்கள் இருக்கும். அவற்றுள் அந்நியரோடு ஒத்துப்போனவையும் இருக்கும், பண்டாரவன்னியனோடு காட்டுக்குள் நின்றவையும் இருக்கும். உண்மை வரலாற்றில் அந்த ஆண்டு அக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் தளபதி வான் டிரிபேர்க்கின் படையிடம் பண்டாரவன்னியன் தோற்றதால், இந்த இரு தரப்பாருக்கும் இடையிலான கணக்கு ஒருபோதும் தீர்க்கப்படவில்லை. உங்கள் கதையில் அது தீர்க்கப்பட வேண்டும். குடிப்பெருமை உடையவருக்கா, கூட நின்றவருக்கா அரசன் குளங்களை ஒப்படைப்பான் என்ற கேள்வியில்தான் உங்கள் பிரபுகுலம் பிறக்கிறது.

புதிதாகப் பிரபுகுலம் அமைத்த அரசுகள் உங்கள் கதைக் காலத்திலேயே இருந்தன. ஹெயிட்டியில் 1811 இல் முடிசூடிய ஹென்றி கிறிஸ்தோப், அடிமைகளாயிருந்தவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் பிரபுக்களாக்கி, தன் நாட்டு ஊர்களின் பெயராலேயே அவர்களுக்குப் பட்டமும் அளித்தான். அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் 1820 இல் அவன் இறந்தவுடன் அரசும் பிரபுகுலமும் சேர்ந்தே மறைந்தன, ஏனெனில் அந்தப் பட்டங்கள் அவன் ஒருவனின் ஆணையையே நம்பியிருந்தன. பிரேசில் பேரரசிலோ பட்டம் அவரவர் ஆயுளோடு முடிந்தது. தந்தையின் பட்டம் மகனுக்குத் தானாகச் சேராது.

இவற்றைவிட நமக்கு அண்மையில் உள்ளது கண்டி. அங்கே அதிகாரும் (முதலமைச்சர்) திசாவையும் (மாகாணத் தலைவர்) அரசனால் நியமிக்கப்பட்டவர்களே. ஆனாலும் சில குடும்பங்களே அந்தப் பதவிகளை மாறிமாறி வகித்தன. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த பிரதானிகளே 1815 மார்ச் 2 ஆம் திகதி ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்து தம் அரசனை நீக்கினார்கள். வன்னி அரசனுக்கு இந்தச் செய்தி சில நாள்களில் எட்டியிருக்கும். அன்றிரவு அவன் தன் பிரபுக்களை எப்படிப் பார்த்திருப்பான் என்பதை ஓர் அத்தியாயமாகவே எழுதலாம்.

இனிப் பட்டங்களுக்கு வருவோம். முதலியார், உடையார் என்பன மக்கள் நன்கறிந்தவை. ஆயினும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தம் ஊழியருக்கு வழங்கியவை என்பதால் புதிய அரசன் தயங்குவான். அவனுடைய அவைப்புலவர் பழந்தமிழ் மரபை நினைவூட்டலாம். படைத்தலைவருக்கு ஏனாதி, வணிகருக்கு எட்டி, அமைச்சருக்கும் வேளாளருக்கும் காவிதி எனப் பட்டங்கள் இருந்தன. ஏனாதிக்கு மோதிரமும், மற்ற இருவருக்கும் பொற்பூவும் அரசன் கையால் அளிக்கப்பட்டன. குளத்தைக் காப்பவருக்குக் காவிதிப் பூ எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! முல்லைத்தீவுத் துறையில் தேனும் மெழுகும் தோலும் ஏற்றும் வணிகருக்கு எட்டிப் பூவைக் கொடுங்கள்.

பட்டத்தைப் பறிக்கும் வழியையும் அமைத்துவிடுங்கள். அதற்கு நீதிமன்றமோ பாராளுமன்றமோ வேண்டியதில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரள்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் உடைந்த குளக்கட்டில் வைகாசிக்குள் மண்வேலை தொடங்கப்படவில்லையென்றால், அந்தக் காவிதிக்கு அம்மன் சந்நிதியில் காளாஞ்சி (கோயில் மரியாதையாகத் தரும் வெற்றிலை, பாக்கு) இல்லை என்று ஒரு வழக்கத்தை உருவாக்கிப் பாருங்கள். ஊர் பார்த்திருக்க மரியாதை மறுக்கப்படுவதைவிடக் கடுமையான தண்டனை இங்கே எதுவுமில்லை.

கேள்வி: மூத்த மகனுக்கே பட்டமும் நிலமும் என்ற முறை நம் சூழலில் பொருந்துமா? பெண்களுக்கு இந்தக் கற்பனையில் இடமுண்டா?
(வவுனியாவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பொருந்தாது. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம், சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சேர்த்த சொத்து) என்று பிரித்துப் பார்க்கிறது. காணி சீதனமாக மகளோடு செல்லும். முதுசம் மகன்மாருக்குள் பிரியும். எல்லாவற்றையும் மூத்தவன் கையில் குவிக்கும் விதி அதில் இல்லை. எனவே பட்டத்தை நிலத்தோடு இறுகக் கட்டினால் மூன்றாம் தலைமுறையில் ஒரு காவிதிக்கு ஒரு வயல்கூட மிஞ்சாமல் போகலாம். இதைக் குறையாக எண்ணாமல் கதையின் இயந்திரமாகவே பயன்படுத்தலாம். ஒரு குளத்தின் கீழுள்ள வயல்கள் சீதனவழியாக இன்னொரு வீட்டுக்குப் போகும்போது திருமணப் பேச்சே அரசியல் பேச்சாகிவிடுகிறது. பெண்கள் வன்னிச்சி என்ற பெயரோடு அதிகாரம் செலுத்திய மரபு ஒல்லாந்தர் காலத்திலும் இருந்தது. ஆகவே துருசின் திறப்பைக் கையில் வைத்திருக்கும் ஒரு வன்னிச்சியைப் படைக்க நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

அதே தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் உள்ளன என்பதை வருத்தத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 இல். அதைச் செய்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களை 1803 இல் வெளியேற்றிய அரசு இதைத் தானாகவே செய்யுமா, பிரபுக்கள் செய்யவிடுவார்களா? குளக்கட்டுக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பட்டயத்திலும் இராது. அவர்களுக்குக் கதையில் முகமும் குரலும் கொடுக்காமல் பொற்பூக்களை மட்டும் வருணித்தால் அந்த அரசை என்னால் நேசிக்க முடியாது. யானை பிடிக்கும் பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியின் திறையெல்லாம் அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த யானைகள்தாம். அவை ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு விற்கப்பட்டன. அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். முதல் தலைமுறையிலேயே ஒரு பணிக்கருக்கு அரசன் பட்டம் கொடுக்கட்டும். அதைப் பழைய குடும்பங்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்று எழுதுங்கள்.

கேள்வி: இத்தகைய அரசுக்கு எத்தனை பிரபுக் குடும்பங்கள் இருந்தால் நம்பும்படி இருக்கும்?
(மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். காடும் காய்ச்சலும் நிறைந்த அன்றைய வன்னியில் குடிகள் குறைவு. அதிகப் பிரபுக்களைத் தாங்கும் விளைச்சல் இல்லை. வன்னிமைகளின் பழைய எல்லைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பெருங்குளம் ஒன்றுக்கு ஒரு வீடு என்று அமையுங்கள். வீட்டின் பெயரும் குளத்தின் பெயராகவே இருக்கட்டும். கட்டு உடைந்து குளம் கைவிடப்பட்டால் அந்த வீட்டின் பெயரும் அரசனின் ஏட்டிலிருந்து நீக்கப்படும்.