போன் மேரோ ரிப்போர்ட்ல செல் பாக்க மோசமா இருந்தா பொழைக்க மாட்டாங்களா?

தம்பியோட போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) ரிப்போர்ட்ல பிளாஸ்ட் (முதிராத ரத்த செல்) 80 சதவீதம், ஆவர் ராட் (செல்லுக்குள்ள தெரியற ஊசி மாதிரி கம்பி), எம்3 (ரத்தப் புற்றுநோயில ஒரு வகை)ன்னு போட்டிருக்கு, இனி அவ்ளோதானான்னு கேட்டிருக்கீங்க. அந்த 80ஐ பாத்து உடைஞ்சு போயிடாதீங்க. பிளாஸ்ட் 20 சதவீதத்த தாண்டினாலே பொதுவா அக்யூட் லுக்கேமியா, அதாவது வேகமா வளர்ற ரத்தப் புற்றுநோய்ன்னு சொல்லிடுவாங்க, அது நோயோட பேர முடிவு பண்ணத்தான், ஆயுச கணக்கு போட இல்ல.

எம்3 செல்ல மைக்ராஸ்கோப்ல பாத்தா ஊதா கலந்த செவப்புல பொடிப்பொடியா உள்ள அடைச்சிருக்கும், சிலதுல அந்த ஆவர் ராட் ஊசி ஊசியா வெறகு கட்டு மாதிரி குவிஞ்சு கெடக்கும். பாக்க பயங்கரம். ஆனா அக்யூட் மைலாய்டு லுக்கேமியாவுலயே நல்லா குணமாகுற வகை இதுதாங்க! 15, 17 குரோமோசோம் துண்டு இடம் மாறி வர்றது இது, அதுக்குன்னே வைட்டமின் ஏ வகைல ஏடிஆர்ஏன்னு மாத்திரை இருக்கு, கூட ஆர்சனிக் மருந்தும் குடுத்தா, வெள்ளணு 10,000க்குள்ள இருக்கறவங்கள்ல 10ல 9 பேருக்கு மேல குணமாகுறாங்க. வேலூர் சிஎம்சியில ஆர்சனிக் மட்டும் குடுத்தே நல்ல ரிசல்ட் காட்டியிருக்காங்க.

ஆபத்து மொத சில வாரந்தான், மூளையில ரத்தம் கசியலாம். அதனாலதான் செல்லோட தோற்றத்த பாத்து சந்தேகம் வந்த உடனே, ஜீன் டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே ஏடிஆர்ஏ ஆரம்பிப்பாங்க. மத்த வகைங்கள்ல தோற்றம் மட்டும் பத்தாது, குரோமோசோம், ஜீன் ரிசல்ட் பாத்துதான் எவ்ளோ குணமாகும்னு சொல்ல முடியும்.

மாத்திரை ஆரம்பிச்சாச்சான்னு இன்னைக்கே டாக்டர்கிட்ட கேளுங்க, ஈறுல ரத்தமோ தலைவலியோ இருந்தா நடுராத்திரின்னாலும் நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க.